சீவக சிந்தாமணி: பல நாயகியர் காதல் தொடராக ஒரு மதிப்பீடு

சீவக சிந்தாமணி தமிழின் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று. இதை இயற்றியவர் திருத்தக்கதேவர் என்னும் சமணத் துறவி. காலம் கி.பி. 9 அல்லது 10ஆம் நூற்றாண்டு என்பர். 13 இலம்பகங்களும் 3145 பாடல்களும் கொண்டது. விருத்தப்பாவில் அமைந்த முதல் பெருங்காப்பியம். கதைநாயகன் சீவகன் எட்டுப் பெண்களை மணப்பதால் 'மணநூல்' என்ற பெயரும் இதற்கு உண்டு.

போட்டித் தேர்வு எழுதும் மாணவர் எவரும் இவ்வளவையும் ஒப்பித்துவிடுவார். ஆனால் 'கதையாக இது எப்படி இருக்கிறது? எட்டுத் திருமணங்கள் எதற்கு? அந்த எட்டுப் பெண்களும் என்ன ஆனார்கள்?' என்று கேட்டால் பதில் வருவது அரிது. இக்கட்டுரை அந்தக் கேள்விகளை எழுப்பிப் பார்க்கிறது. அதற்குத் துணையாக, இன்றைய இளம் வாசகர்கள் நன்கறிந்த ஒரு கதைவகையை, அதாவது ஜப்பானிய மங்காவில் வரும் 'ஹாரெம்' காதல் தொடரை, அருகில் வைத்துப் பார்க்கிறது.

பல நாயகியர் கதை என்னும் வகை

ஹாரெம் என்பது அரபு வழிவந்த சொல். அரண்மனையில் பெண்கள் வாழும் பகுதியைக் குறிக்கும். நம் வழக்கில் அந்தப்புரம். மங்காவில் இச்சொல்லுக்குப் பொருள் வேறு. ஒரே இளைஞனைச் சுற்றிப் பல பெண்கள் காதல் கொண்டு நிற்கும் தொடர்கதையை இப்பெயரால் அழைக்கிறார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடமே கதைக்களம். நாயகன் சாதாரணமானவன். பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். யாரை அவன் தேர்ந்தெடுப்பான் என்ற கேள்வி ஆண்டுக்கணக்கில் நீளும்.

நவோஷி கோமி வரைந்த 'நிசேகோய்' இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2011 நவம்பர் முதல் 2016 ஆகஸ்ட் வரை 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் 229 அத்தியாயங்கள் வெளிவந்து 25 தொகுதிகளாயின. ஐயப்பன்தாங்கலிலிருந்து நகருக்குள் செல்லும் பேருந்தில் கைபேசியில் மங்கா படித்துக்கொண்டு போகும் கல்லூரி மாணவருக்கு இப்பெயர் புதிதன்று. அதே மாணவரிடம் சிந்தாமணியைக் கொடுத்தால், 'இது பாடநூல்' என்று ஒதுக்கி வைத்துவிடுவார். இரண்டும் ஒரே கதைவகையின் இரு கிளைகள் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

இடையில் ஒரு கண்ணியும் உண்டு. குமுதம் இதழில் வாரந்தோறும் வந்த சாண்டில்யனின் தொடர்கதைகள் அவை. 'யவன ராணி'யில் இளஞ்செழியனுக்கு ஒரு பக்கம் பூவழகி, மறுபக்கம் யவன ராணி. 'கடல் புறா'வில் கருணாகரனுக்குக் காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும். நாயகன் யார் பக்கம் சாய்வான் என்று அடுத்த வாரத்துக்குக் காத்திருந்த வாசகர் கூட்டம் அன்றும் இருந்தது. ஆகவே, இது ஜப்பானிலிருந்து வந்திறங்கிய புதுப்பழக்கம் என்று கருத வேண்டியதில்லை.

கதைச் சுருக்கம்

ஏமாங்கத நாட்டின் தலைநகர் இராசமாபுரம். மன்னன் சச்சந்தன் தன் மனைவி விசயைமீது கொண்ட காதல் மிகுதியால் ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைக்கிறான். கட்டியங்காரன் வஞ்சகமாக அரசைக் கைப்பற்றுகிறான். சச்சந்தன் கருவுற்ற விசயையை வானில் பறக்கும் மயிற்பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுப் போரிட்டு இறக்கிறான். மயிற்பொறி இறங்கிய இடம் சுடுகாடு. அங்கே சீவகன் பிறக்கிறான். கந்துக்கடன் என்னும் வணிகன் குழந்தையை எடுத்துச் செல்ல, அவன் மனைவி சுநந்தை வளர்க்கிறாள். விசயை தவப்பள்ளியில் தங்கிவிடுகிறாள்.

ஆசிரியர் அச்சணந்தி சீவகனுக்குக் கலைகளைக் கற்பித்து, அவனுடைய பிறப்பையும் சொல்லி, ஓராண்டு காலம் பகைவனோடு மோதக் கூடாது என்று உறுதி வாங்குகிறார். அந்த இடைவெளியில்தான் பெரும்பாலான மணங்கள் நிகழ்கின்றன. காந்தருவதத்தை, குணமாலை, பதுமை, கேமசரி, கனகமாலை, விமலை, சுரமஞ்சரி என ஏழு பெண்களை மணந்தபின், தாய்மாமன் கோவிந்தன் துணையோடு கட்டியங்காரனைக் கொன்று நாட்டை மீட்கிறான். பிறகு மாமன் மகள் இலக்கணையை மணக்கிறான். நெடுங்காலம் ஆண்டபின் துறவு பூண்டு முத்தி அடைகிறான்.

இந்தக் கதை வடமொழிச் சமண நூல்களிலும் உண்டு. குணபத்திரரின் உத்தரபுராணம், வாதீபசிங்கரின் கத்திய சிந்தாமணி, சத்திர சூடாமணி ஆகியவை சீவகன் கதையைச் சொல்கின்றன. கதை பொதுச்சொத்து. அதைத் திருத்தக்கதேவர் எப்படிச் சொன்னார் என்பதே மதிப்பீட்டுக்கு உரியது.

எதை வைத்து மதிப்பிடுவது?

பல நாயகியர் கதைமீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு, இது ஆணின் ஆசைக்கனவு என்பது. குற்றச்சாட்டு உண்மைதான். ஆனால் அதனால் மதிப்பீடு முடிந்துவிடாது. இந்த வகைக் கதைகள் எல்லாமே அந்தக் கனவிலிருந்து தொடங்குகின்றன. அவற்றுள் நல்லது எது, சலிப்பது எது என்று பிரிக்க வேறு அளவுகோல் வேண்டும்.

நாயகன் எதைப் பெறுகிறான் என்பதைவிட, கதை அடுத்த பெண்ணிடம் நகரும்போது முந்தைய பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்று தோன்றுகிறது. அவளுக்கென்று ஒரு மனம் இருந்ததா? அவளுடைய இழப்பைக் கதை மதித்ததா? அல்லது, வேலை முடிந்ததும் அரங்கிலிருந்து இறக்கிவிட்டதா? சிந்தாமணியையும் மங்காவையும் இந்தக் கேள்வியோடு படிக்கும்போது இரண்டின் பலமும் பலவீனமும் தெளிவாகத் தெரிகின்றன.

எட்டு மணங்கள், எட்டுத் திறமைகள்

மணங்கள் எப்படி நிகழ்கின்றன என்று வரிசையாகப் பார்க்கலாம். காந்தருவதத்தை வித்தியாதர வேந்தன் மகள்; யாழ்ப் போட்டியில் வெல்பவனுக்கே உரியவள். சீவகன் வெல்கிறான். குணமாலையை மதம் கொண்ட யானையிடமிருந்து காப்பாற்றுகிறான். பாம்பு தீண்டிய பதுமையின் நஞ்சை இறக்குகிறான். கேமசரி எந்த ஆணைக் கண்டு நாணுகிறாளோ அவனே கணவன் என்பது சோதிடர் வாக்கு. சீவகனைக் கண்டு நாணுகிறாள். கனகமாலையின் உடன்பிறந்தாருக்கு வில்வித்தை கற்றுத் தருகிறான். விமலையின் தந்தை ஒரு வணிகர். யார் வந்தமர்ந்ததும் தேங்கிக் கிடந்த சரக்கு விற்றுப்போகிறதோ அவனே மருமகன் என்பது குறி. சீவகன் கடையில் வந்தமர, சரக்கு விற்றுப்போகிறது. இலக்கணையைப் பெறச் சுழலும் பன்றிப்பொறியை அம்பெய்து வீழ்த்த வேண்டும். வீழ்த்துகிறான்.

இசை, வீரம், மருத்துவம், அழகு, வில், நல்லூழ், குறி தவறாத கண் என்று ஒவ்வொரு மணமும் சீவகனின் ஒரு சிறப்பைக் காட்டுகிறது. எட்டுப் பெண்களைப் பற்றிப் படித்து முடிக்கும்போது நமக்கு நன்றாகத் தெரிந்திருப்பது சீவகனைத்தான். பதுமைக்கும் கேமசரிக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் ஒருத்தி பாம்பு தீண்டியவள், மற்றவள் நாணியவள் என்றுதான் சொல்ல முடியும். இருவரின் குணம் எப்படி என்று சொல்ல முடியாது.

மங்கா இங்கே எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. நிசேகோயில் நாயகன் ராகு எந்தத் திறமையும் இல்லாத பையன். நன்றாகச் சமைப்பான், விலங்குகளைப் பராமரிப்பான், அவ்வளவுதான். ஆனால் பெண்கள் நால்வரும் நான்கு விதம். சிதோகே முன்கோபி, மனத்தில் இருப்பதற்கு நேர்மாறாகப் பேசுபவள். கொசாகி சொல்ல வந்ததைத் தொண்டைக்குள்ளேயே விழுங்கிவிடுபவள். மாரிகா ஊரறியக் காதலைச் சொல்பவள். சுகுமி ஆண்பிள்ளை போல வளர்க்கப்பட்ட கொலையாளி. ஒரே சூழ்நிலையில் நால்வரையும் நிறுத்தினால் நான்கு விதமாக நடந்துகொள்வார்கள். அதில்தான் நகைச்சுவையும் கதையும் பிறக்கின்றன. சிந்தாமணியில் பெண்கள் மாற மாற நாயகனின் பன்முகம் தெரிகிறது. மங்காவில் நாயகன் வெற்றுப் பலகையாக நிற்கப் பெண்களின் பன்முகம் தெரிகிறது. பாத்திரப் படைப்பு என்ற அளவில் இங்கே மங்காவே முந்துகிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

சிந்தாமணியின் இலம்பகப் பெயர்களே இந்தக் குறையைக் காட்டிக்கொடுக்கின்றன. முதல் இலம்பகம் நாமகள்: சீவகன் கல்வியை அடைகிறான். பிறகு மண்மகள்: நாட்டை அடைகிறான். பூமகள்: அரசச் செல்வத்தை அடைகிறான். முடிவில் முத்தி: வீடுபேற்றை அடைகிறான். கல்வி, நிலம், செல்வம், வீடு ஆகியவற்றோடு ஒரே வரிசையில் காந்தருவதத்தையும் குணமாலையும் வைக்கப்படுகிறார்கள். எல்லாமே சீவகன் அடைய வேண்டிய பேறுகள். கோவிந்தையார் இலம்பகம் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. நிரை மீட்டதற்காக ஆயர் தலைவன் நந்தகோன் தன் மகள் கோவிந்தையைச் சீவகனுக்குத் தர முன்வருகிறான். சீவகன் அவளைத் தன் தோழன் பதுமுகனுக்கு மணம் செய்துவைக்கிறான். இலம்பகத்துக்கே அவள் பெயர்தான். ஆனால் அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு அங்கே இடமில்லை.

விதிவிலக்கான மூவர்

இத்தோடு நின்றிருந்தால் சிந்தாமணி ஒரு பட்டியலாகவே இருந்திருக்கும். மூன்று பெண்கள் அதைக் காப்பியமாக்குகிறார்கள்.

முதலில் குணமாலையும் சுரமஞ்சரியும். இருவரும் தோழியர். வேனில் விழாவுக்குச் செல்லும்போது, யாருடைய மணப்பொடி உயர்ந்தது என்று இருவருக்கும் போட்டி. தீர்ப்புச் சீவகனிடம் வருகிறது. இரண்டு சுண்ணத்தையும் வானில் தூவுகிறான். வண்டுகள் குணமாலையின் சுண்ணத்தையே நாடுகின்றன. தோற்ற சுரமஞ்சரி சினந்து, இனி ஆடவரைப் பார்ப்பதே இல்லை என்று கன்னிமாடத்தில் அடைந்துகொள்கிறாள். எந்தச் சோதிடக் குறியும் இல்லாமல், ஒரு பெண்ணின் மனக்காயத்தால் நகரும் கதை இது. பொடி விஷயம் சிறிது, அவமானம் பெரிது. இந்தச் சிறுமையும் பெருமையும் கலந்த மனநிலையைத் திருத்தக்கதேவர் நன்கு அறிந்திருக்கிறார்.

பல இலம்பகங்கள் கடந்து சுரமஞ்சரி மீண்டும் வருகிறாள். சீவகன் தள்ளாத கிழவனாக வேடமிட்டு அவள் மாளிகைக்குள் நுழைகிறான். கிழவனின் பாட்டு அவளுக்குச் சீவகனை நினைவூட்டுகிறது. காமன் கோயிலுக்குச் சென்று சீவகனையே கணவனாகத் தர வேண்டுகிறாள். அங்கே மறைந்திருக்கும் தோழன் புத்திசேனன் தெய்வம்போலக் குரல் கொடுத்து, அவன் கிடைத்துவிட்டான் என்கிறான். அவள் திரும்பிப் பார்க்கக் கிழவன் இருந்த இடத்தில் சீவகன் நிற்கிறான். காப்பியத்திலேயே நகைச்சுவை மிகுந்த பகுதி இது. மங்கா வாசகருக்கு மிகப் பழக்கமான உத்தியும்கூட: மாறுவேடம், ஒட்டுக்கேட்டல், மறைவில் நண்பன், வெளிப்படும் இரகசியம்.

இங்கே ஒரு நெருடலும் உண்டு. ஆண் முகமே பார்ப்பதில்லை என்று உறுதி பூண்ட பெண்ணை ஏமாற்றித்தான் அந்த உறுதியை உடைக்கிறார்கள். தோழர்களுக்கு அது ஒரு பந்தயம் போன்றது. ஆயினும் கவிஞர் ஒன்றைக் கவனமாகச் செய்திருக்கிறார். அவள் தானாக விரும்பி, தன் வாயால் வேண்டியபிறகே சீவகன் வெளிப்படுகிறான். விருப்பம் அவளுடையது, ஏமாற்று அவர்களுடையது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்து ரசிப்பதும் கேள்வி கேட்பதும் வாசகரின் வேலை.

மூன்றாமவள் காந்தருவதத்தை. எட்டுப் பேரில் தனித்து நிற்பவள் இவளே. வித்தை அறிந்தவள். சீவகன் நாடுவிட்டு நாடு அலையும்போது எங்கிருக்கிறான் என்று தன் வித்தையால் அறிகிறாள். தம்பி நந்தட்டனை அவனிடம் சேர்ப்பிக்கிறாள். கையில் ஓலையும் கொடுத்தனுப்புகிறாள். அந்த ஓலையில் அவள் முன்னிறுத்துவது குணமாலையின் துயரத்தை. தன் பிரிவைவிடச் சக்களத்தியின் பிரிவைப் பெரிதாகச் சொல்கிறாள். இவளை 'பொறாமையற்ற உத்தமி' என்று புகழ்ந்து கடந்துவிடலாகாது. சீவகன் யானையிடம் சிக்கிய குணமாலையின் உருவை ஓவியமாகத் தீட்டியபோது ஊடியவளும் இவள்தான். பொறாமை கொண்டு, அதைக் கடந்து, ஒரே வீட்டில் அதே நோயில் கிடக்கும் இன்னொரு பெண்ணைப் புரிந்துகொண்டவள். இந்த வளர்ச்சி ஓரிரு காட்சிகளில் வந்துபோனாலும், காப்பியம் தன் பெண்களுக்குத் தந்த மிகச் சிறந்த இடம் இதுவே.

நள்ளிரவில் பிரிதல்

நம் அளவுகோலில் சிந்தாமணி மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் இடம் சீவகனின் பயணப் பகுதி. பதுமையை மணந்து சில காலம் வாழ்ந்தபின், சொல்லாமல் இரவில் புறப்பட்டுவிடுகிறான். கேமசரியையும் அப்படியே. விழித்தெழுந்து கணவனைக் காணாமல் அரற்றும் பெண்ணின் துயரம் நூலில் உருக்கமாகவே பாடப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தத் துயரம் எதையும் மாற்றுவதில்லை. அடுத்த ஊர், அடுத்த குறி, அடுத்த மணம். நாடு மீண்டபிறகு மனைவியர் எல்லாரும் அரண்மனைக்கு வந்து சேர்கிறார்கள். ஏன் சொல்லாமல் போனாய் என்ற கேள்வி உரக்க எழுவதில்லை.

கதைக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. சீவகன் கட்டியங்காரனின் கொலைத் தண்டனைக்குத் தப்பித் திரிபவன். ஆசிரியருக்குக் கொடுத்த ஓராண்டு உறுதி அவனைக் கட்டியிருக்கிறது. பயணத்தில் ஏற்பட்ட மண உறவுகள் பின்னர் நாட்டை மீட்கும் போருக்குப் பலமாகின்றன. எனவே சிந்தாமணியின் நீளம் வெறும் இழுப்பு அன்று. எந்தப் பெண் என்ற கேள்வியை அது நீட்டிக்கவே இல்லை. ஒவ்வொரு இலம்பகமும் மணத்தில் முடிந்துவிடுகிறது. நீள்வது பழிதீர்க்கும் காலம். அதற்கு ஓர் எல்லையும் உண்டு.

மங்காவின் நிலை வேறு. ஷோனென் ஜம்ப் இதழில் வாசகர் கருத்துக்கணிப்பே ஒரு தொடரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. வரவேற்பு உள்ளவரை முடிக்க மனம் வராது. நிசேகோயில் ராகுவின் கழுத்தில் பூட்டிய பதக்கம் ஒன்று தொங்குகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமியோடு செய்த வாக்குறுதியின் அடையாளம். திறவுகோல் அந்தச் சிறுமியிடம். கொசாகியின் திறவுகோலைப் பொருத்திப் பார்க்கும்போது அது பூட்டுக்குள்ளேயே முறிந்துவிடுகிறது. கதையை முடித்திருக்க வேண்டிய கணம், கதையை நீட்டும் கணமாக மாற்றப்படுகிறது. அதன்பின் இன்னொரு பெண், இன்னொரு திறவுகோல் என்று ஆண்டுகள் ஓடுகின்றன. யாரும் யாரையும் பிரிவதில்லை. ஆனால் யாருக்கும் பதிலும் கிடைப்பதில்லை. நள்ளிரவில் சொல்லாமல் போவது ஒரு கொடுமை என்றால், பதில் சொல்லாமலே பக்கத்தில் நிறுத்தி வைப்பது இன்னொரு கொடுமை.

ஆனால் நிசேகோயின் கடைசிப் பகுதி இந்தக் கடனை ஓரளவு தீர்க்கிறது. நோயுற்ற மாரிகா தன்னைத் தெளிவாக மறுத்துவிடும்படி ராகுவிடம் கேட்டுப் பெறுகிறாள். வாக்குறுதிச் சிறுமி கொசாகிதான் என்று தெரிந்தபிறகும் ராகு சிதோகேயையே தேர்கிறான். கொசாகி தன் காதலை வாய்விட்டுச் சொல்லி, மறுப்பையும் நேரில் கேட்கிறாள். பின்னாளில் அவர்களுடைய திருமணத்துக்குக் கேக் செய்பவளும் அவளே. மறுக்கப்பட்ட பெண்ணுக்கும் ஒரு முழுக் காட்சி கிடைக்கிறது. பதுமைக்கு அது கிடைக்கவில்லை.

எல்லாரையும் ஏற்றல் என்னும் தீர்வு

தேர்வு என்ற சிக்கலை மங்கா ஆசிரியர்கள் பல விதமாகக் கையாண்டிருக்கிறார்கள். ஐந்து உடன்பிறந்த சகோதரியரைப் பற்றிய 'கோதோபுன் நோ ஹனயோமே' முதலிலேயே திருமண நாளைக் காட்டிவிட்டு, மணமகள் யார் என்பதை மட்டும் மறைத்து 14 தொகுதிகளில் முடிந்தது. 'போகுதாச்சி வா பென்க்யோ கா தெகினாய்' ஐந்து பெண்களுக்கும் தனித்தனியே ஒரு முடிவு எழுதியது. 2019இல் தொடங்கிய ஒரு நகைச்சுவைத் தொடரில் நாயகன் ரென்தாரோவுக்கு நூறு காதலியர் என்று விதி. யாரை மறுத்தாலும் அவள் இறந்துவிடுவாள். ஆகவே எல்லாரையும் ஏற்கிறான்.

இந்தக் கடைசித் தொடர்தான் சிந்தாமணிக்கு மிக அருகில் வருவது. இரண்டிலும் மறுப்பு இல்லை, ஏற்பு மட்டுமே. ஆனால் ரென்தாரோவுக்கு ஒரு கவலை இருக்கிறது: ஒருத்திக்குக் கொடுத்த அன்பு இன்னொருத்திக்குக் குறைந்துவிடக் கூடாது. அதற்காக அவன் படும் பாடுதான் அதன் நகைச்சுவை. சீவகனுக்கு அந்தக் கவலையே கிடையாது. விமலையோடு இரண்டு நாள், உடனே சுரமஞ்சரி. விமலையும் சுரமஞ்சரியும் தலா சுமார் நூறு பாடல்களில் முடிந்துவிடுகிறார்கள். அரசர்க்குப் பல மனைவியர் இயல்பு என்ற காலத்தில் எழுந்த நூல் இது என்பது உண்மை. ஆயினும் அந்தக் காலத்துக் கவிஞரே காந்தருவதத்தையின் ஊடலையும் ஓலையையும் எழுதியிருக்கிறார். பங்கீட்டில் உள்ள வலி அவருக்குத் தெரியாததன்று. எட்டுப் பேருக்கும் அதை விரிக்கவில்லை என்பதே குறை.

முடிவு: ஒட்டுப்போட்ட துறவா?

சிந்தாமணியைப் பற்றிய பழைய ஐயம் ஒன்று உண்டு. காமச்சுவையை இவ்வளவு பாடிவிட்டு, முடிவில் துறவைச் சேர்ப்பது சமயத்துக்குச் செலுத்தும் வரி மட்டும்தானே? திருத்தக்கதேவரைப் பற்றி வழங்கும் கதையே இந்த ஐயத்தின் வடிவம்தான். துறவி இன்பச்சுவை பாட முடியுமா என்று கேட்டார்களாம், பாடிக் காட்டினார். அனுபவம் இல்லாமல் பாட முடியுமா என்று ஐயுற்றார்களாம்; பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தொட்டுத் தூய்மையை நிறுவினார் என்பர்.

நூலின் அமைப்பே வேறு பதிலைத் தருகிறது. பதின்மூன்று இலம்பகங்களில் மிக நீண்டது எந்த மண இலம்பகமும் அன்று, முத்தி இலம்பகமே. ஐந்நூறு பாடல்களுக்கு மேல் அது விரிகிறது. துறவு ஓர் ஒட்டுத்துணி என்றால் இவ்வளவு அகலம் தேவையில்லை.

துறவுக்குக் காரணமாகும் காட்சியும் கவனத்துக்குரியது. மனைவியரோடு சோலையில் இருக்கும் சீவகன் ஒன்றைக் காண்கிறான். ஒரு குரங்கின் கையில் பலாப்பழம். காவலன் குரங்கை விரட்டிப் பழத்தைப் பறித்துக்கொள்கிறான். சீவகன் நினைக்கிறான்: பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரன்; பறித்த காவலன் நான்; பழம் இந்த இன்பமும் செல்வமும். பழிவாங்கிய நாயகன், தன் வெற்றியைப் பறிப்பாகப் பார்க்கும் இந்தக் கணம் அசாதாரணமானது. கட்டியங்காரனிடமிருந்து தன்னைப் பிரித்துக் காட்டிய எல்லா வேறுபாடும் ஒரு பலாப்பழத்தில் கரைந்துபோகிறது. எட்டு மணங்களும் பேறுகளாக அடுக்கப்பட்டது ஏன் என்று இங்கே விளங்குகிறது: அடைந்ததை எல்லாம் ஒரே கையால் விடுவதற்காகவே அடுக்கியிருக்கிறார்.

தொடக்கத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சச்சந்தன் ஒரே பெண்மீது கொண்ட காதலால் நாட்டை இழந்தான். மகன் எட்டுப் பெண்களை மணந்தும் நாட்டை மீட்டான். தந்தை விட முடியாமல் அழிந்தான், மகன் விட்டான். அந்தக் காதலின் விலையை உண்மையில் கொடுத்தவள் விசயை. சுடுகாட்டில் பிள்ளை பெற்றவள், மகன் அரியணை ஏறியபிறகு அரண்மனையில் தங்காமல் துறவுக்குப் போகிறாள். மகனுக்கு முன்பே முடிவை அடைந்தவள் அவள். எட்டு நாயகியரின் எண்ணிக்கையில் சேராத இந்தப் பெண்ணே காப்பியத்தின் முதுகெலும்பு.

ஆனால் நம் கேள்வி இங்கும் விடவில்லை. சீவகன் துறக்கும்போது மனைவியரும் அழுது, பிறகு துறக்கிறார்கள். அவர்களுக்குக் குரங்கும் பலாப்பழமும் என்ன சொன்னது? அவன் கண்ட காட்சி அவனுக்கு. அவர்கள் கண்டது அவன் போவதை மட்டும். பதுமையை விட்டு இரவில் போனவன் இப்போது பகலில், சொல்லிவிட்டுப் போகிறான். அது ஒரு முன்னேற்றம்தான்.

படித்தவர்மீது எழுந்த குற்றச்சாட்டு

சிந்தாமணியைப் படிப்பதே தவறு என்ற குரல் பழையது. சோழ மன்னன் அநபாயன் இந்நூலில் மூழ்கியிருந்ததைக் கண்ட சேக்கிழார், இதை விட்டுச் சிவனடியார் வரலாறு கேட்கும்படி சொன்னார் என்றும், அதன் விளைவே பெரியபுராணம் என்றும் சேக்கிழார் புராணம் கூறுகிறது. ஒரு காதல் தொடருக்கு அடிமையான வாசகரும், அதைப் பிடுங்கி நல்ல நூலைக் கையில் திணிக்கும் பெரியவரும் அன்றே இருந்திருக்கிறார்கள். இன்று கைபேசியில் மங்கா படிக்கும் பிள்ளைக்கும் வீட்டுப் பெரியவருக்கும் நடக்கும் வாக்குவாதம் புதிதன்று.

அந்தக் குரல் வென்றிருந்தால் இழப்பு நமக்குத்தான். கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் கேட்ட ஒரு கேள்வியால் 1880இல் சிந்தாமணிப் பக்கம் திரும்பிய உ.வே.சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையோடு மல்லாடி, புரியாத சமயக் கருத்துகளைச் சமணர்களிடமே கேட்டறிந்து, 1887இல் அச்சிட்டார். சைவ மரபில் வளர்ந்தவர் சமணக் காப்பியத்துக்கு உழைத்தார். பழந்தமிழ் நூல்களைத் தேடும் அவருடைய நெடும்பணிக்கு வாயில் திறந்தது இந்த மணநூலே.

மதிப்பீடு

பாடலின் வளத்திலும் முடிவின் ஆழத்திலும் சிந்தாமணிக்கு இணையான பல நாயகியர் கதை அரிது. பாத்திர வேறுபாட்டில் அது குறையுடையது. எட்டில் மூன்று பெண்களே முழுமையாக உயிர்பெறுகிறார்கள். மங்கா அதில் கெட்டிக்காரத்தனம் உடையது. ஆனால் முடிக்கத் தெரியாமல் தடுமாறுவது. ஒன்று அடுத்த பெண்ணிடம் விரைந்து போகிறது. மற்றது எந்தப் பெண்ணையும் விட்டுப்போக முடியாமல் நிற்கிறது. இரண்டிலும் விலை கொடுப்பவர்கள் காத்திருக்கும் பெண்கள். அந்த விலையைக் கதை கணக்கில் எழுதிய இடங்களில், காந்தருவதத்தையின் ஓலையிலும் கொசாகியின் கடைசிப் பேச்சிலும், இரண்டு நூல்களும் தம் வகையைத் தாண்டி நிற்கின்றன.

முதன்முறை படிப்பவர் முதல் பாடலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. உரையோடு கூடிய பதிப்பை எடுத்துக்கொண்டு, குணமாலையார் இலம்பகத்தின் சுண்ணப் போட்டியிலிருந்து தொடங்கலாம். அடுத்து சுரமஞ்சரியார் இலம்பகம். அதன்பின் நாமகள் இலம்பகத்தில் விசயையின் கதை. முத்தி இலம்பகத்தின் பலாப்பழக் காட்சியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பெண்ணும் கதையை விட்டு விலகும் இடத்தில் சற்று நின்று, அவளுக்கு இந்நூல் என்ன கொடுத்தது என்று கேட்டுக்கொண்டே படித்தால், தேர்வுக்கு மனப்பாடம் செய்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் காப்பியம் கண்ணில் படும்.